குழந்தையின் பார்வையை அளக்கும் கருவி ஆட்டிசத்தைச் சொல்லிவிடுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 22 மாதமான அவருடைய மகன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. முகத்தை நேராகப் பார்ப்பதும் குறைவு. ஊரில் பார்த்த குழந்தை மருத்துவர், ஆட்டிசமாக இருக்கலாம், வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனாரோ, அங்கே குழந்தைக்கு வீடியோ போட்டுக் காட்டி, அதன் கண் எங்கே போகிறது என்பதை வைத்தே 12 நிமிடத்தில் ஆட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள் என்கிறார். அந்தச் சோதனையை நம்பலாமா, அது நம் பக்கம் கிடைக்கும் வரை காத்திருக்கலாமா, அதற்குள் பையனின் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்கப் பழக்கலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே வீட்டில் நடந்துவிடக்கூடியது: முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். இரண்டாவதற்கும் பதில் சிறியதுதான்: எந்தக் கருவிக்காகவும் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். முதல் கேள்விதான் நீண்ட பதிலைக் கேட்கிறது. அதைச் சொல்லி வரும்போது மற்ற இரண்டுக்கும் காரணம் விளங்கிவிடும். வேலூரில் குழந்தை வளர்ச்சி சார்ந்த பிரிவொன்றில் உளவியலாளராக வேலை செய்த காலத்தில், ஓர் ஆய்வுக்காக இப்படியொரு கருவியின் பின்னால் உட்கார்ந்து குழந்தைகளின் பார்வையை நானும் பதிவு செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தையும் படித்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கருவி என்று சொன்னாலும் அது குழந்தையின் உடம்பில் எங்கும் ஒட்டப்படுவதில்லை. கணினித் திரையின் அடியில் ஓர் அடி நீளத்துக்கு ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குழந்தையின் முகத்தில் விழும். அந்த ஒளி கருவிழியின் வளைந்த மேற்பரப்பில் ஒரு சிறு புள்ளியாக மின்னும். கண் அசையும்போது நடுவிலுள்ள கரிய வட்டமான பாவை நகர்கிறது, மின்னும் புள்ளியோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் திசையையும் பட்டையிலுள்ள கேமரா வினாடிக்கு 60 முறையோ, சில கருவிகளில் 1000 முறை வரையோ அளந்து, திரையில் எந்த இடத்தைக் குழந்தை பார்க்கிறது என்று கணக்கிடுகிறது. நாம் ஒரே சமயத்தில் கூர்மையாகக் காணும் பரப்பு மிகச் சிறியது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே எதை அறிய வேண்டுமோ அதன் மேல் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், கால் வினாடி போல நிற்கிறோம், அடுத்த இடத்துக்குத் தாவுகிறோம். இந்த நிற்றலையும் தாவலையும் வரிசையாக எழுதிவைத்தால், அந்தக் குழந்தைக்கு அந்த நொடியில் எது பொருட்டாக இருந்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. அதைத் தடயம் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். மனத்தின் உள்ளே நடப்பது முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்காது.

நல்ல நிலைமையில் இக்கருவியின் பிழை அரை டிகிரி அளவு, அதாவது 60 சென்டிமீட்டர் தொலைவில் அரை சென்டிமீட்டர். இரண்டு வயதுக் குழந்தையிடம் அந்த நல்ல நிலைமை எளிதில் வாய்ப்பதில்லை. பதிவைத் தொடங்குமுன் கருவியை அந்தக் குழந்தையின் கண்ணுக்கு இசைவுபடுத்த வேண்டும், கேலிப்ரேஷன் என்பார்கள். பெரியவர்களிடம் இந்தப் புள்ளியைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். குழந்தைக்குத் திரையின் நடுவிலும் மூலைகளிலும் சத்தத்தோடு சுழலும் பொம்மைப் படங்களைக் காட்டி, அதன் கண் தானாக அங்கே போகும் நொடியைப் பிடிக்க வேண்டும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. வெளியே கிளம்பும் குழந்தைக்கு மை தீட்டாமல் அனுப்ப மாட்டார்கள். இமை ஓரத்து அடர்ந்த மையைச் சில கருவிகள் பாவை என்று எடுத்துக்கொண்டுவிடும். தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு, பதிவு முடிந்த பிறகு பாட்டி கையாலேயே மறுபடியும் தீட்டச் சொல்வோம். குழந்தை தாயின் மடியில் இருப்பதால் தாயின் கண்ணையே கருவி எடுத்துக்கொள்ளாமலிருக்க அவருக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவோம், தாயின் மூக்குத்தியில் ஒளி தெறித்தால் அவரைச் சற்றே தலைசாய்த்து உட்காரச் சொல்வோம். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. வேலூரின் பங்குனி, சித்திரை வெயில் சன்னல் இடுக்கு வழியாக உள்ளே விழுந்தால் பதிவு சிதறிவிடும். சன்னலை மூடினால் புழுங்கும். மின்விசிறியைப் போட்டால் சில குழந்தைகள் திரையை விட்டு விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும். விசிறியைக் குழந்தைக்குப் பின்னால் நிற்கும் மேசை விசிறியாக மாற்றிய பிறகுதான் எங்கள் பதிவுகள் தேறின. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், திரையில் வரும் எண்ணைப் பார்ப்பவர்களுக்கு அது இரத்தப் பரிசோதனை எண்ணைப் போலத் தோன்றும். அது அப்படிப்பட்டதன்று. காலையில் தூங்கி எழுந்து வந்த குழந்தைக்கும், ஆம்பூரிலிருந்து பேருந்தில் வந்து மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்த குழந்தைக்கும் ஒரே பதிவு கிடைக்காது.

கண் நகர்வை அளக்கும் முயற்சி ஆட்டிசத்துக்காகத் தொடங்கியதன்று. சோவியத் நாட்டு ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ், கண்ணின் மீதே ஒட்டிக்கொள்ளும் சிறு மூடியைப் பொருத்திப் பார்வையின் பாதையை வரைந்தவர். ஒரே ஓவியத்தைக் காட்டி, இந்தக் குடும்பத்தின் செல்வநிலை என்ன, இவர்களின் வயது என்ன என்று கேள்வியை மாற்ற மாற்ற, பார்ப்பவரின் கண் போகும் பாதையும் மாறியது என்பதை அவர் காட்டினார். தேடுவதைப் பொறுத்தே கண் போகிறது என்னும் அந்தக் கருத்தின் மேல்தான் பின்னால் வந்த எல்லாமே நிற்கின்றன. ஆனால் அவருடைய முறையைக் குழந்தைகளிடம் நினைத்தும் பார்க்க முடியாது. அகச்சிவப்புக் கேமராக்கள் வந்த பிறகே அது இயன்றது.

ஆட்டிசத்தில் இந்த முறை பரவலாக அறியப்பட்டது 2002-இல். அமெரிக்காவில் ஆய்வு செய்த அமி கிளின், வாரன் ஜோன்ஸ் முதலானோர் ஆட்டிசமுள்ள வளரிளம் பருவத்தினரும் இளைஞர்களுமாக 15 பேருக்கும், ஆட்டிசமில்லாத 15 பேருக்கும் ஒரு திரைப்படத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். கடுமையான வாக்குவாதம் நடக்கும் காட்சியில், ஆட்டிசமில்லாதவர்கள் பேசுபவரின் கண்ணையும் கேட்பவரின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆட்டிசமுள்ளவர்கள் கண்களைப் பார்த்த நேரம் அதில் பாதிக்கும் குறைவுதான், வாயையும் உடம்பையும் பொருள்களையும் கூடுதலாகப் பார்த்தார்கள். அதில் இன்னொரு முடிவும் இருந்தது, அதிகம் பேசப்படாதது. ஆட்டிசமுள்ளவர்களிலேயே வாயை அதிகம் பார்த்தவர்கள் சமூக வாழ்வில் ஓரளவு நன்றாகவும், பொருள்களை அதிகம் பார்த்தவர்கள் சிரமத்தோடும் இருந்தார்கள். வாயைப் பார்ப்பது ஒரு குறை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அப்போதே ஒரு குறிப்பு கிடைத்துவிட்டது.

அதே குழு 2009-இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. மனிதர் அசைவதை வெறும் ஒளிப்புள்ளிகளாக மாற்றித் திரையின் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் காட்டினால், ஆட்டிசமில்லாத குழந்தை நேரான பக்கத்தையே நாடும். ஆட்டிசமுள்ள குழந்தைகளுக்கு அந்த நாட்டம் இல்லை. ஆனால் கைதட்டும் விளையாட்டு வந்தபோது, இரண்டு கைகளின் புள்ளிகள் மோதும் அதே நொடியில் தட்டும் ஓசை வந்த பக்கத்தை அவர்கள் விடாமல் பார்த்தார்கள். அசைவும் ஓசையும் ஒன்றோடொன்று பொருந்துவது அவர்களை ஈர்த்தது. அசைவது மனிதர் என்பது தனியாக ஈர்க்கவில்லை. வாயைப் பார்ப்பதற்கும் இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள், ஏனென்றால் முகத்தில் அசைவும் ஓசையும் சேர்ந்து பொருந்தும் இடம் வாய்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கண் கலங்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த பதிவுகளில் அந்தக் குழந்தைகளின் கண்கள் புற உலகத்தில்தான் முழுக்க முழுக்க இருந்தன. சிறுவன் ஒருவன், அத்தை ஒருவர் பேசும் வீடியோவில், அவர் பின்னால் தொங்கிய நாள்காட்டியின் தாள் காற்றில் எழும்பி விழுவதை ஒன்றுவிடாமல் பின்தொடர்ந்தான். நாங்கள் யாருமே அந்தத் தாள் அசைவதைக் கவனித்திருக்கவில்லை. புற உலகின் எந்தப் பகுதி அவனை அழைக்கிறது என்பதுதான் வேறு. நம் கண்ணுக்கு ஒரு முகம் வந்தவுடன் அது தானே முன்னால் வந்து நிற்கிறது. அவனுக்கு அப்படி முன்னால் வந்து நிற்பதில்லை. அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

எப்போது இந்த வேறுபாடு தொடங்குகிறது என்பதை 2013-இல் ஜோன்ஸும் கிளினும் வெளியிட்ட ஆய்வு தேடியது. ஆட்டிசமுள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் 59 கைக்குழந்தைகளையும் அப்படியில்லாத 51 கைக்குழந்தைகளையும் 2 மாதத்திலிருந்து 24 மாதம் வரை பத்து முறை பதிவு செய்தார்கள். அவர்களில் 13 குழந்தைகளுக்குப் பின்னால் ஆட்டிசம் உறுதியானது. அக்குழந்தைகள் 2 மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். 2 முதல் 6 மாதத்துக்குள் அந்தப் பார்வை மெல்லச் சரியத் தொடங்கியது. எண்ணிக்கை சிறியது, அதை வைத்து ஒரு தனிக் குழந்தைக்கு எதையும் சொல்ல முடியாது. ஆயினும் பிறக்கும்போதே இல்லாத ஒன்றன்று, இருந்து பின் இறங்கும் ஒன்று என்பது பெரிய செய்தி.

அடுத்து 2017-இல் வந்த இரட்டையர் ஆய்வு, குடியாத்தத்துத் தாய்க்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது. காணொளியில் ஒருவரின் கண்களை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைக் குழந்தைகளிடையே ஒற்றுமை 0.91 ஆகவும், இரு கருவிலிருந்து பிறந்தவர்களிடையே 0.35 ஆகவும் இருந்தது. 1 என்றால் முழு ஒற்றுமை. பார்வை எங்கே போகிறது என்பதை மரபணு இவ்வளவு வலுவாக வழிநடத்துகிறது. பிள்ளையைச் சரியாகக் கொஞ்சவில்லை, வேலைக்குப் போனாள், போனைக் கையில் கொடுத்தாள் என்று மாமியார் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தாயின் மேல் பழி போடுவது நம் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. வளர்ப்பு முறையால் ஆட்டிசம் வருவதில்லை. இரண்டு வயதுக்குள் போன் கொடுக்காமலிருப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லதுதான், ஆனால் அது வேறு செய்தி.

இனி அந்த 12 நிமிடச் சோதனை. கொழுந்தனார் சொல்வது பொய்யன்று. மேலே சொன்ன ஆய்வுகளின் தொடர்ச்சியாக உருவான இயர்லிபாயின்ட் என்னும் கருவிக்கு 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு அனுமதி கொடுத்தது. அது நிபுணரின் மதிப்பீட்டுக்கு உதவியாகப் பயன்படுவதற்கான அனுமதி. 2023-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஆறு சிறப்பு மையங்களில் 475 குழந்தைகளிடம், நிபுணர்களின் முடிவோடு கருவியின் முடிவை ஒப்பிட்டார்கள். நிபுணர் ஆட்டிசம் என்று சொன்ன 100 குழந்தைகளில் 71 பேரைக் கருவி கண்டுகொண்டது, 29 பேரைத் தவறவிட்டது. இல்லை என்று சொன்ன 100 பேரில் ஏறத்தாழ 81 பேரைச் சரியாக விட்டது, 19 பேரை ஆட்டிசம் என்றது. நிபுணர்களே ஐயமின்றி முடிவு சொன்ன குழந்தைகளை மட்டும் எடுத்தால் இவை 78, 85 என்று உயர்ந்தன.

இந்த எண்கள் எங்கே எடுக்கப்பட்டவை என்பது முக்கியம். அந்த மையங்களுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே சந்தேகத்தோடு அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஆட்டிசம் இருந்தது. இதே கருவியை நம் அங்கன்வாடிகளில் 1000 குழந்தைகளுக்கு வைத்துப் பார்ப்பதாகவும், 100-க்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகவும் ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இருக்கும் 10 பேரில் 7 பேரைக் கருவி காட்டும். இல்லாத 990 பேரில் 190 பேர் போலவும் காட்டப்படுவார்கள். ஆக ஏறத்தாழ 200 வீடுகளில் அழுகை, அவற்றில் ஏழு வீட்டுக்கு மட்டுமே காரணம் உண்டு. கருவி கெட்டதென்று இதற்குப் பொருளன்று. எந்தச் சோதனையையும் யாரிடம் வைக்கிறோம் என்பதே அதன் சொல்லுக்கு மதிப்பைத் தருகிறது. உங்கள் மகனைப் போல ஏற்கெனவே மருத்துவர் ஐயப்பட்ட குழந்தையிடம் அதன் சொல்லுக்கு எடை கூடும். அப்போதும் 100-க்கு 29 பேரைத் தவறவிட்டதே, அந்த 29-இல் உங்கள் மகன் இருந்தால், கருவி 'இல்லை' என்று சொன்னதை நம்பி ஓராண்டு கழிந்துவிடும்.

வேறொரு வகைச் சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். கேரன் பியர்ஸ் குழு 2011-இல் திரையின் ஒரு பாதியில் குழந்தைகள் ஆடுவதையும் மறுபாதியில் கோலம் போலச் சுழலும் வடிவங்களையும் ஒரு நிமிடம் காட்டியது. 69 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் வடிவங்களையே பார்த்த குழந்தைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருந்தது. இதைப் படித்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் 2016-இல் கூடுதலான குழந்தைகளிடம் பார்த்தபோது, ஆட்டிசமில்லாத 100 பேரில் 98 பேரை அது சரியாக விட்டாலும், ஆட்டிசமுள்ள 100 பேரில் 21 பேரையே பிடித்தது. மீதி 79 பேரும் ஆடும் குழந்தைகளையும் போதிய அளவு பார்த்திருந்தார்கள். ஆட்டிசம் ஒரே முகமுடையதன்று. மக்களை ஆசையாகப் பார்க்கும் ஆட்டிசக் குழந்தைகள் நிறைய உண்டு. 'என் பிள்ளை நன்றாகப் பார்க்கிறான், ஆகவே இருக்காது' என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான்.

எந்தக் காட்சியைக் காட்டுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். திரையில் ஒருவர் தனியாக ஏதோ செய்துகொண்டிருக்கையில் இரு வகைக் குழந்தைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அவர் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து, குழந்தையிடம் நேராகப் பேசும்போது வேறுபாடு வெளிப்படுகிறது என்று கசியா சவார்ஸ்காவின் குழு 2012-இல் காட்டியது. ஒருவருக்கு மேல் காட்சியில் இருந்தால் வேறுபாடு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் நம் வீடுகளில் குழந்தை ஒதுங்கி நிற்பதும், இரவில் நீங்கள் இருவரும் தனியாக இருக்கையில் உங்கள் முகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அமெரிக்கக் குழந்தைகளின் பதிவை அளவுகோலாக வைத்து நம் குழந்தைகளை அளப்பதில் எனக்குள்ள தயக்கமும் இங்கிருந்தே வருகிறது. முகத்தைப் பார்க்கும் முறையே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகிறது. மேற்கத்தியர் கண்ணுக்கும் வாய்க்கும் தாவுகையில் கிழக்காசியர் மூக்கை ஒட்டிய நடுப்பகுதியில் நிற்கிறார்கள் என்பது 2008-இல் வெளியான ஒரு முடிவு. பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதையன்று என்று வளர்ந்த நாம் இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. மொழியும் சேர்கிறது. கைக்குழந்தைகள் பேச்சுக் கற்கும் காலத்தில், 8 மாதத்தை ஒட்டி, கண்ணை விட்டு வாய்க்குப் போவது எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பு; இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தைகள் வாயை இன்னும் கூடுதலாகப் பார்க்கிறார்கள். பழைய வடஆற்காட்டில் ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தை எத்தனை பேர்? குடியாத்தத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும், வாணியம்பாடியில் வீட்டில் உருதுவும் கடையில் தமிழும் கேட்கும் குழந்தையின் வாய்நோக்கை நோய்க்குறியாக எண்ணிவிடக்கூடாது. நம் முகங்களும் நம் பேச்சும் உள்ள காட்சிகளைக் கொண்டு நம் குழந்தைகளிடம் அளந்து பார்த்த பிறகே எந்தக் கருவியும் இங்கே தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் திசையில் வேலை நடக்காமலில்லை. ஸ்டார்ட் என்னும் திட்டத்தில், சிறப்புப் பயிற்சி இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் டெல்லிப் பகுதியில் வீடுகளுக்கே டேப்லெட்டைக் கொண்டுபோய்க் குழந்தையின் பார்வையையும் விளையாட்டையும் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். விலை உயர்ந்த பட்டைக் கருவியைவிட இத்தகைய வழிதான் குடியாத்தத்துக்கு முதலில் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

கண்ணைப் பார்க்கப் பழக்கலாமா என்னும் கேள்விக்கு வருகிறேன். குழந்தை கண்ணைத் தவிர்க்கிறதா, அல்லது கண் அதற்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லையா? வெளியிலிருந்து இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2017-இல் இதை அழகாகச் சோதித்தார்கள். காணொளி தொடங்கும் முன், பின்னர் கண் தோன்றப்போகும் இடத்துக்கே ஒரு படத்தைக் காட்டி இரண்டு வயதுக் குழந்தைகளின் பார்வையை இழுத்துவைத்தார்கள். கண் அச்சம் தருவதாக இருந்தால் ஆட்டிசக் குழந்தைகள் சட்டென்று விலகியிருக்க வேண்டும். அவர்கள் மற்றவர்களைவிட வேகமாக விலகவில்லை. அவ்வயதில் அது வெறுப்பு அல்ல, கண்கள் சொல்லும் செய்தி அவர்களைச் சென்று சேரவில்லை. அதே ஆண்டில் பெரிய வயதினரிடம் செய்த மூளைப் படப் பதிவு ஒன்று, கண்ணையே பார்க்கும்படி கட்டாயப்படுத்தியபோது அவர்களுடைய மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி மிகையாகக் கிளர்ந்ததைக் காட்டியது. கண்ணைப் பார்ப்பது எரிவது போல வலிக்கிறது என்று ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: பொருளற்றதாக இருந்த ஒன்றைத் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி நாமே துன்பமாக மாற்றிவிடும் ஆபத்து உண்டு. மேலும், உங்கள் மகன் உங்களை ஒதுக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் பார்வையை இழுப்பதற்குப் பதிலாக அவன் பார்வை இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகலாம். வண்டிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால், எதிரே தரையில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுழற்றுங்கள். அப்போது உங்கள் முகம் சக்கரத்துக்கு அப்பால் அவன் கண்மட்டத்தில் இருக்கும். சுழல்வது நிற்கும் நொடியில் ஒரே ஒரு ஓசை எழுப்புங்கள், ஒவ்வொரு முறையும் அதே ஓசை. அசைவும் ஓசையும் பொருந்துவது அவனை ஈர்க்கும் என்பதை அந்தக் கைதட்டும் ஆய்வு சொல்கிறது. பிறகு ஒரு முறை ஓசை எழுப்பாமல் காத்திருங்கள். அந்த இடைவெளியில் அவன் நிமிரலாம், நிமிராமலும் போகலாம். நிமிர்ந்தால் அது அவனாகக் கேட்டது. காக்காயைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அதுவே இருவர் சேர்ந்து ஒன்றைப் பார்க்கும் பயிற்சி. ஒரு மாற்றம் மட்டும்: காக்காயை அவனுக்குக் காட்டும் முன், அவன் எதைப் பார்க்கிறானோ அதை நீங்கள் முதலில் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்.

இது வெறும் ஆறுதல் பேச்சன்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுள்ள 65 குழந்தைகளின் வீடுகளில் இதே கொள்கையை நடைமுறைப்படுத்தி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நிபுணர் அல்லாத பணியாளர்கள், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து அவர்களுக்கே காட்டிப் பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பழகுவது நன்றாகக் கூடியது, குழந்தை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாத அந்த முடிவை மறைக்காமல் எழுதினார்கள் என்பதாலேயே மற்றதை நம்புகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. பெயருக்குத் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரா என்னும் பரிசோதனை குழந்தை தூங்கும்போதே எடுக்கப்படும். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். வேலூரில் சிஎம்சியின் குழந்தை வளர்ச்சிப் பிரிவும், பாகாயத்திலுள்ள அதன் மனநல மையத்துக் குழந்தைகள் பிரிவும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. குழந்தைகளின் உடல்நலத்தைப் பார்க்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லிவைக்கலாம். அங்கே உங்களிடம் நிறையக் கேட்பார்கள், குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள், வரிசையாகக் குறித்துக்கொள்வார்கள். நம் நாட்டில் மாற்றுத்திறன் சான்றிதழுக்காக ஆட்டிசத்தை மதிப்பிடப் பயன்படும் இசா அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. கண்ணைப் பார்ப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. மருத்துவர் சொல்லும் பெயர் எதுவாக முடிந்தாலும், பேச்சுப் பயிற்சியையும் விளையாட்டு வழிப் பயிற்சியையும் ஐயம் எழுந்த நாளிலிருந்தே தொடங்கலாம். சான்றிதழ் கையில் வர வேண்டியதில்லை.

போகும்போது உங்கள் போனில் மூன்று சிறு காணொளிகளை எடுத்துச் செல்லுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். ஒன்று அவன் தனியாக விளையாடுவது. இன்னொன்று நீங்கள் அவனுக்குச் சோறு ஊட்டுவது. மூன்றாவது வீட்டில் நாலு பேர் இருக்கும்போது யாராவது அவன் பெயரைச் சொல்லி அழைப்பது. போனைக் கணவரிடம் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து, அவன் முகமும் எதிரிலிருப்பவர் முகமும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். அவன் பின்னாலிருந்து எடுத்தால் கண் தெரியாது. அவனைச் சிரிக்கவைக்கவோ திரும்பவைக்கவோ முயல வேண்டாம். மருத்துவமனையில் புது இடத்து மிரட்சியில் அவன் செய்யாமல் விடுவதை மருத்துவர் அந்தப் படங்களில் பார்த்துக்கொள்வார்.